கொட்டகையில் நிற்கும் பழைய ஃபியட்: ஓட வைப்பதா, முழுதாகக் கழற்றுவதா, எஞ்சினை மாற்றுவதா, விற்பதா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அப்பா 1976இல் வாங்கிய பிரீமியர் பத்மினி (ஃபியட் 1100தான் பின்னாளில் இந்தப் பெயரில் வந்தது), 2009இலிருந்து மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. தங்கை விற்றுவிடலாம் என்கிறார். மகன் புது எஞ்சின் போடலாம் என்கிறான். உள்ளூர் மெக்கானிக்கோ முழுதாகக் கழற்றிப் புதிதுபோல் செய்து தருவதாகச் சொல்கிறார். "எனக்கு அந்தக் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு முறை பவானி கூடுதுறைக்குப் போய் வந்தால் போதும்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இதே குழப்பத்தோடு இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒருவரிடம் 1968ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட் இருக்கிறது. இன்னொருவர் வாங்கலாமா என்று யோசிக்கிறார். எங்கள் வீட்டு 1978 பத்மினியோடு எட்டு ஆண்டுகள் போராடியவன் என்ற முறையில் நான்கு வழிகளையும் எடைபோட்டுச் சொல்கிறேன். ஃபியட்டை வைத்துத்தான் பேசுகிறேன் என்றாலும் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எல்லோரும் முதலில் கேட்பது "எஞ்சின் ஓடுமா?" என்ற கேள்வியை. அது கடைசியாகக் கேட்க வேண்டியது. 1089 சிசி ஃபியட் எஞ்சின் எளிமையானது. லேத் பட்டறையில் போரிங் செய்து, பிஸ்டன் மாற்றி, ஹெட்டைச் சமப்படுத்தி மீட்டுவிடலாம். இந்தக் கார் 1964இல் டிலைட் என்று வந்து, 1974இல் பத்மினி என்று பெயர் பெற்று, 2000 வாக்கில்தான் உற்பத்தி நின்றது. மும்பையில் 2023 அக்டோபர் வரை டாக்சியாக ஓடியது. அதனால் எஞ்சின், கிளட்ச், பிரேக் சாமான்கள் இன்றும் சென்னை புதுப்பேட்டையிலும் மும்பை குர்லாவிலும் தேடினால் கிடைக்கின்றன.

தகரம்தான் முதல் அளவுகோல். ஃபியட்டுக்கு உடலைத் தாங்கும் தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டித்தகடு, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் உடலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடிச்சட்டத்தைத் தனியாகப் பார்க்கலாம். ஃபியட்டில் அது முடியாது. இங்கே துரு என்பது அழகுக் குறைவு அல்ல, எலும்புத் தேய்வு.

பார்க்கும் முறை இது. கால்மிதியையும் அதன் கீழுள்ள விரிப்பையும் உரித்தெடுங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, பெட்டித்தகடு ஆகியவற்றில் நகர்த்துங்கள். காந்தம் வழுக்கி விழும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி (ஓட்டையை மறைக்கப் பூசும் பசை) இருக்கிறது. டிக்கியின் தரை, பேட்டரித் தட்டு, முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலைகள், பின்பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றைத் திருப்புளியின் நுனியால் அழுத்துங்கள். மேலே பெயிண்ட் பளபளத்தாலும் உள்ளே போகிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, ஜாக்கி வைக்கும் இடம் உறுதியாக இருந்தால் ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு முன்போலவே மூடினால் உடல் பிழைத்திருக்கிறது. இடைவெளி மாறி, பூட்டு பொருந்தாமல் கதவு இடித்தால் கார் நடுவில் வளைகிறது என்று பொருள். இந்த ஒரு சோதனை, பத்து மெக்கானிக்குகளின் அபிப்பிராயத்துக்குச் சமம்.

இரண்டாவது, காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் காரில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா? மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட அந்தக் காலப் பதிவெண், போக்குவரத்துத் துறையின் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா? அப்பா கடனில் வாங்கியிருந்தால், கடன் அடைத்த பிறகு அந்தக் குறிப்பை நீக்கினாரா? நாற்பது ஆண்டுகளுக்கு முன் கடன் கொடுத்த நிறுவனம் இன்று இல்லாமல்கூடப் போயிருக்கலாம்; அதன் தடையில்லாச் சான்றுக்காக அலைவது துருவைவிடக் கொடுமை. உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வர முடியுமா என்பது. சில வேலைகளை நாளை மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றை முடியாது. கழற்றிய காரைப் பழையபடி கழற்றாத காராக ஆக்க முடியாது.

நான்காவது, உங்கள் ஆசையின் உண்மையான அளவு. பவானிக்கு ஒரு முறை போவதா, தினமும் அலுவலகத்துக்கா, கண்காட்சியில் நிறுத்துவதா? பணமும் காலமும் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் பேசப்பட வேண்டும்.

## முதல் வழி: இருப்பதைக் காப்பாற்றி, ஓட வைத்தல்

பெயிண்டைத் தொடாமல், இருக்கைத் துணியை மாற்றாமல், பாதுகாப்பாக ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் செய்வது இது. தகரம் தேறினால் என் முதல் பரிந்துரை எப்போதும் இதுதான். பட்டறைகள் இதைச் சொல்லாது, ஏனென்றால் அவர்களுக்கு இதில் வேலை குறைவு.

வரிசை முக்கியம். பேட்டரியைக் கொடுத்து செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். பதினைந்து ஆண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். முரட்டுத்தனமாகச் சுழற்றினால் உடையும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் சுழன்றால் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, அதன் பிறகு செல்ஃப்.

பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். டாங்கை இறக்கிக் கழுவ வேண்டும். இங்கே பலரும் அறியாத செலவு ஒன்று உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் சவ்வும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, வெடித்து, கசியும். எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். சூடான எஞ்சின் மேல் சொட்டும் பெட்ரோல்தான் பழைய கார்கள் எரிவதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று எலி கடித்த வயர். கொட்டகையில் நின்ற காரில் வயரிங்கை முழுதாக மாற்றுவதே நிம்மதி.

பிரேக்கில் சமரசம் கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று என்பதால், ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிதாக வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டிய டயரைத் தூக்கிப் போடுங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும்.

இவ்வளவுக்கும் நிதானமான மெக்கானிக் ஒருவரும் சில மாத வார இறுதிகளும் போதும். செலவையும் பகுதி பகுதியாகச் செய்யலாம். நடுவில் பணம் தீர்ந்தாலும் கார் ஒரே துண்டாகத்தான் நிற்கும்.

குறை என்ன? துருவை நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். அடிப்பாகத்தைக் கழுவி, அடைபட்ட வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, உள்ளறைகளில் மெழுகெண்ணெய் அடித்து வைத்தால் பல ஆண்டு தாங்கும். மங்கிய பெயிண்டைப் பார்த்து உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். அதைப் பொருட்படுத்தாதவருக்கே இந்த வழி.

## இரண்டாம் வழி: முழுதாகக் கழற்றிச் சீரமைத்தல்

கதவு மூடும் சோதனையில் தோற்ற காருக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை. தோற்காத காருக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. இந்த இரண்டு வாக்கியங்களை மறந்துதான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

நானும் மறந்தேன். எங்கள் பத்மினியின் அடித்தகடு ஓரளவு நன்றாகவே இருந்தது. புதிதுபோல் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு பட்டறையில் விட்டேன். ஆறு மாதம் என்றார்கள். பதினான்கு மாதம் கழித்துப் போனபோது, உடல் ஒரு மூலையில் ரெட் ஆக்சைடு பூச்சோடு நின்றது. மற்றவை மூட்டைகளில் இருந்தன. இரண்டு கதவுக் கைப்பிடி, பின்விளக்குக் கண்ணாடி, முன்வலையின் நடுத்துண்டு ஆகியவற்றைக் காணவில்லை. எஞ்சின் சாமான் எங்கும் கிடைத்தது. அந்த நான்கு துண்டுகளைத் தேடி நான் இரண்டு ஆண்டு அலைந்தேன்.

ஆகவே முழுச் சீரமைப்பின் பெரிய மறைசெலவு சின்னச் சாமான்தான். டிலைட்டின் அலங்காரத் துண்டுகள் பிற்காலப் பத்மினிக்கு உள்ளவை அல்ல; குரோம் பட்டை, விளக்கு வளையம், மீட்டர் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கின்றன. கழற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஒவ்வொரு துண்டையும் திருகாணியோடு பையில் போட்டு, பெயரெழுதி, வீட்டில் வையுங்கள். பட்டறைக்குப் போக வேண்டியது உடல் மட்டும்.

அடுத்த மறைசெலவு, பட்டி. டிங்கரிங் செய்பவர் துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்குப் பதிலாக மேலேயே ஒரு தகடு ஒட்டி, பட்டியால் மெழுகி, பெயிண்ட் அடித்துத் தருவது எளிது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் வரும், அப்போது அடியில் இருந்ததும் போயிருக்கும். பெயிண்ட் அடிக்கும் முன், வெறும் தகரமாக இருக்கும் நிலையில் நேரில் போய்ப் பார்த்த பிறகே அடுத்த தவணைப் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெட்டித்தகட்டை வெட்டும்போது இன்னொரு ஆபத்து உண்டு. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக இறுக்காமல் வெட்டினால், உடல் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் சேராது. ஒரு பக்கம் முடித்துவிட்டே மறுபக்கம் தொட வேண்டும். மெல்லிய தகட்டை கேஸ் வெல்டிங்கில் பற்றவைத்தால் சூட்டில் சுருங்கி நெளியும், சி.ஓ.2 வெல்டிங் உள்ள பட்டறை நல்லது. உங்கள் டிங்கரிடம் "வெட்டும் முன் எங்கே தாங்கு கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் காட்டிப் பேசத் தொடங்கினால் வேலை தெரிந்தவர். "அதெல்லாம் தேவையில்லை" என்றால் காரை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

பணக் கணக்கில், பட்டறை சொல்லும் தொகையை ஒருபோதும் முழுத்தொகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தகரத்தைத் திறந்த பிறகுதான் உண்மை தெரியும் என்பதால் அவர்களும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியாது. சொன்ன தொகையில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். முடிந்த பிறகு காரை விற்றால், போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது. லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள்.

எப்போது இது சரி? உடல் உண்மையிலேயே சிதைந்திருக்கிறது, ஆனால் அந்தக் கார் உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் போன்றது. வாரம் ஒரு நாளாவது பட்டறைக்குப் போய் நிற்க முடியும். பணம் தாமதமானாலும் வீடு தள்ளாடாது. இந்த மூன்றும் சேர்ந்தால் தயங்காதீர்கள்.

## மூன்றாம் வழி: எஞ்சினை மாற்றி நவீனமாக்குதல்

இளைஞர்களின் ஆசை இது. நவீன எஞ்சின், ஏசி, பவர் ஸ்டீயரிங். தினமும் சென்னை நெரிசலில் ஓட்ட வேண்டும் என்றால் அந்த ஆசையில் நியாயம் உண்டு.

ஆனால் சுமார் 40 குதிரைத்திறனுக்காகச் செய்த டிரம் பிரேக்கும் பின்னச்சும் இரட்டைத் திறனைத் தாங்காது. ஒன்றை மாற்றினால் அடுத்தது, அதற்கடுத்தது என்று போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றிய எஞ்சினோடு விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கை விரிக்க வழி கிடைத்துவிடும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த கார் விண்டேஜ் வாகனமாகப் பதிவு பெறலாம், பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாத காராக இருக்க வேண்டும். 1974, 75, 76இல் பதிவான பத்மினிகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்த வயதை எட்டுகின்றன. ஐம்பது ஆண்டு காத்திருந்த கார், வாசற்படியில் வைத்துத் தகுதியை இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்கெனவே எஞ்சின் இல்லாமல், அல்லது யாரோ வேறு எஞ்சின் போட்டு வைத்த காராக வந்தது என்றால் இந்த வழி சரி. இழக்க எதுவும் இல்லை.

## நான்காம் வழி: விற்றுவிடுதல், அல்லது ஓடும் நிலையில் ஒன்றை வாங்குதல்

விற்பது துரோகம் அல்ல. கூரை இல்லாத இடத்தில் நான்கு மழைக்காலம் கிடந்து அழிவதைவிட, வேறொருவர் வீட்டில் ஓடுவது காருக்கு நல்லது. இடமும் நேரமும் இல்லாதவர், வாரிசுகளுக்குள் ஒற்றுமை இல்லாதவர், சேஸிஸ் எண்ணே அரித்துப்போன காரை வைத்திருப்பவர் ஆகிய மூவருக்கும் இதுவே தெளிவான வழி.

விற்கும்போது பெயர் மாற்றம் முடியும் வரை விடாதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் வரை அந்தக் கார் செய்வதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு. காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுத்தால் பதிவு அப்படியே உயிரோடு நிற்கும். அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால்தான் சான்றிதழ் பெற்றுப் பதிவை நீக்க முடியும். உடைக்கும் முன் கைப்பிடி, விளக்கு, மீட்டர், முன்வலை ஆகியவற்றைக் கழற்றிப் பழைய கார் வைத்திருப்போருக்குக் கொடுங்கள். என்னைப் போல் யாரோ அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புதிதாக இந்தப் பிரியத்துக்குள் வருபவருக்கு, துருப்பிடித்த மலிவான காரைவிட, ஒருவர் ஏற்கெனவே பணம் செலவழித்து நேர்த்தியாக வைத்திருக்கும் கார்தான் சிக்கனம். வாங்கும் முன் அதே காந்தம், அதே ஜாக்கி.

## ஒரே பார்வையில்

| | ஓட வைத்தல் | முழுச் சீரமைப்பு | எஞ்சின் மாற்றம் | கைமாற்றுதல் |
|---|---|---|---|---|
| எந்தத் தகரத்துக்கு | கதவுச் சோதனையில் தேறியது | தோற்றது | தேறியது மட்டும் | எதுவும் |
| காலம் | சில மாதம் | ஓராண்டுக்கு மேல் | ஓராண்டு, அனுமதிக்குத் தனி | காகிதம் முடியும் வரை |
| மறைசெலவு | எரிபொருள் குழாய், வயரிங், டயர் | தொலையும் சின்னச் சாமான், பட்டி | பிரேக், பின்னச்சு, அனுமதி | பெயர் மாற்றம், பழைய கடன் குறிப்பு |
| நடுவில் நிறுத்தினால் | கார் கார்தான் | மூட்டைகள் | பாதிக் கார் | நஷ்டமில்லை |
| விண்டேஜ் தகுதி | நிற்கும் | அசல்படி செய்தால் நிற்கும் | போகும் | புது உரிமையாளரைப் பொறுத்தது |

## எந்த வழியானாலும் வரும் கட்டணம்

சாதாரணப் பதிவு முதல் 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைக் கடந்த காருக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். மாநிலத்தின் பசுமை வரி தனி. கொட்டகையில் பல ஆண்டு நின்ற காருக்கு இது எவ்வளவு ஆகும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பிறகு பட்டறைப் பக்கம் போங்கள்.

விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழங்கார் பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி.

## ஈரோட்டு வாசகருக்கு

உங்கள் கடிதத்தோடு வந்த படங்களில் பெட்டித்தகடு நேராகத் தெரிகிறது, நீல பெயிண்ட் அசலாகத் தெரிகிறது. கதவுச் சோதனையில் தேறினால் முதல் வழியில் போங்கள். விண்டேஜ் பதிவுக்கு அவசரப்படாதீர்கள்; அம்மாவைக் கூடுதுறைக்கு அழைத்துப்போவது அந்தப் பதிவில் அடங்காது. சாதாரணப் பதிவைப் புதுப்பித்து, நடப்பில் உள்ள காப்பீட்டோடு போங்கள். தங்கையின் சம்மதத்தைப் படிவம் 31 கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மகனிடம் எஞ்சினை மாற்றும் வேலைக்குப் பதிலாகக் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவும் வேலையைக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். காரை மூடியிருக்கும் அந்த நீல பிளாஸ்டிக் தாளை எடுத்துவிடுங்கள். அது மழையைத் தடுப்பதைவிட அடியிலிருந்து எழும் ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான் அதிகம். மாட்டுக் கோமியத்தின் ஆவி தகரத்தைத் தின்னும். காரைத் தள்ளி, காற்றோட்டமுள்ள வேறு கூரைக்கு மாற்றுங்கள். கண்ணாடிகளை ஒரு விரற்கடை இறக்கி வைத்து, மேலே பருத்தித் துணி போட்டால் போதும்.